லாஸ் வேகாஸ் காட்சியில பார்த்த டிவிக்காகக் காத்திருக்கணுமா, இப்பவே வாங்கிடலாமா?

மாலைவெயில் எழுதியது:

வணக்கம். சிஇஎஸ் 2025 (ஜனவரியில லாஸ் வேகாஸ்ல நடந்த மின்னணுப் பொருள் காட்சி) முடிஞ்சதுல இருந்து எந்த வீடியோவைத் திறந்தாலும் டிவிதான். ஹைசென்ஸோட 116 இன்ச் ஆர்ஜிபி மினி எல்இடி (எல்சிடி திரைக்குப் பின்னாடி சின்னச் சின்ன வண்ண விளக்கு வச்ச டிவி) வெளிச்சத்துல 10,000 நிட்ஸ் (வெளிச்சத்தை அளக்கற அலகு) போகுமாம், நிறம் பிடி 2020-ங்கற பெரிய நிற எல்லையில 97 சதவீதமாம். டிவியோட மத்த பெட்டிகளை இணைக்கற எச்டிஎம்ஐயோட புது வடிவம் 2.2 அறிவிச்சாச்சு. சாம்சங்கும் எல்ஜியும் மைக்ரோசாஃப்டோட ஏஐ உதவியாளரான கோபைலட்டை டிவிக்குள்ள கொண்டுவரப் போறதா அறிவிச்சிருக்காங்க. கீழ கமெண்ட் பகுதியில ஒரு கோஷ்டி "இப்ப டிவி வாங்கினா காசு தண்டம், ஒரு வருஷம் பொறு"ங்குது. இன்னொரு கோஷ்டி "காட்சியில வைக்கிறது எதுவும் நம்ம வீட்டுக்கு வராது"ங்குது. படிக்கப் படிக்கக் குழப்பம்தான் அதிகமாகுது.

என் தேவை இதுதான். அமெரிக்காவுல இருக்கேன். 65 இன்ச், 1,500 டாலருக்குள்ள. சோபாவுக்கும் டிவிக்கும் 9 அடி. மேற்குப் பக்கம் பெரிய ஜன்னல், சாயங்காலம் வெயில் ஹாலுக்குள்ளயே வந்துடும். அம்மா அப்பா வந்தா உட்கார்ற நாற்காலி டிவிக்கு நல்லாவே பக்கவாட்டுல இருக்கு. சனி ஞாயிறு பகல்ல கிரிக்கெட், ராத்திரி படம், பையனுக்கு பிஎஸ் 5 கேம் பெட்டி.

காத்திருந்தா எனக்கு என்ன லாபம்? 10,000 நிட்ஸ்னா வீட்டுல என்ன அர்த்தம்? எச்டிஎம்ஐ 2.2 இல்லாத டிவியை வாங்கிட்டு ரெண்டு வருஷத்துல முழிக்க வேண்டியிருக்குமா?

நிட்ஸ்கணக்கு எழுதியது:

காத்திருக்க வேண்டாம். கமெண்டுகள்ல ரொம்பத் தப்பாப் புரிஞ்சுக்கப்பட்டிருக்கறது அந்த 10,000 என்கிற எண்தான். அதனால அதை மட்டும் முழுசா எழுதறேன்.

சிஇஎஸ்ஸுக்குப் பொதுமக்கள் போக முடியாது. தொழில்ல இருக்கறவங்களும் பத்திரிகைக்காரங்களும்தான் உள்ள போறாங்க. நாம பார்க்கறது அவங்க கேமரா எடுத்த படம். திரை ரொம்பப் பிரகாசமா இருந்தா கேமரா தானாவே எக்ஸ்போஷரைக் குறைச்சுக்கும். அப்ப வெள்ளை எழுத்தைச் சுத்தி இருக்கற ஒளிவட்டமும் சேர்ந்து கருப்புல மறைஞ்சுடும். எக்ஸ்போஷரைக் கையால கூட்டி வச்சா எதிர்மாறா நடக்கும், கண்ணுக்குத் தெரியாத ஒளிவட்டம்கூடப் பெருசாத் தெரியும். அந்த வீடியோ பெரும்பாலும் சாதாரண எஸ்டிஆர்ல (குறைஞ்ச வெளிச்ச வரம்புள்ள பழைய வீடியோ முறை) யூட்யூபுக்கு வருது. நாம அதைப் போன்ல பார்க்கறோம். போன் திரையால காட்டவே முடியாத வெளிச்சத்தை அதே போன்ல பார்த்து "அடேங்கப்பா"ன்னு எழுதறதுக்கும் சரி, "பரவால்ல ரகம்"னு எழுதறதுக்கும் சரி, ஆதாரம் கிடையாது.

இப்ப எண்ணுக்கு வருவோம். உச்ச வெளிச்சத்தை அளக்கறப்ப திரை முழுக்கக் கருப்பா வச்சு நடுவுல ஒரு சின்ன வெள்ளைக் கட்டம் போடுவாங்க. திரைப் பரப்புல 10 சதவீதம் இருக்கும், சில சமயம் அதுக்கும் கீழ. எல்லா மின்சாரமும் அந்தக் கட்டத்துக்குப் போறதால எண் ஏறும், அதுவும் சில வினாடிக்கு மட்டும். திரை முழுக்க வெள்ளையாக்கினா மின்சார வரம்பும் சூடும் சேர்ந்து வெளிச்சத்தைக் கீழ இழுத்துடும். உங்க ஹாலுக்கு இந்த ரெண்டாவது எண்தான் முக்கியம். கிரிக்கெட் மைதானம்னா திரை முழுக்கப் பச்சை, அங்க சின்னக் கட்டத்துக்கே வேலை இல்லை. 2024-ல வந்த நல்ல மினி எல்இடி டிவிகள் முழுத்திரையில சுமார் 600-ல இருந்து 800 நிட்ஸ் வரை தருது. அதே வருஷத்து எல்ஜி சி4 மாதிரி ஓஎல்இடி (பின்னொளி இல்லாம ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ற திரை) சுமார் 200-லதான் நிக்கும். விமர்சனம் படிக்கறப்ப "100 சதவீத விண்டோ" (திரை முழுக்க வெள்ளை) வரியைத் தேடிப் பாருங்க. விளம்பரத்துல அது இருக்காது.

ராத்திரிப் படத்துக்கு வேற கணக்கு. எச்டிஆர் (அதிக வெளிச்ச வரம்புள்ள வீடியோ முறை) சிக்னல்ல வெளிச்சத்தைக் குறிக்கற பிக்யூ அளவுகோல் 10,000 நிட்ஸ் வரை போகுதுங்கறது உண்மை. ஆனா அந்த அளவுகோல்ல 100 நிட்ஸே பாதி உயரத்துல வந்துடும், 1,000 முக்கால்ல வரும், 4,000 தொண்ணூறு சதவீதத்துல வரும். 4,000-க்கும் 10,000-க்கும் நடுவுல இருக்கறதெல்லாம் கடைசிப் பத்து சதவீதத்துல அடங்குது. கண் வெளிச்சத்தை உணர்ற விதத்தை ஒட்டித்தான் அதை அப்படி வகுத்தாங்க. படங்களை மாஸ்டர் பண்றது (நிறத்தையும் வெளிச்சத்தையும் கடைசியா முடிவு பண்றது) பெரும்பாலும் 1,000 இல்லன்னா 4,000 நிட்ஸ் மானிட்டர்ல. முகம், சட்டை, காகிதம் இதெல்லாம் 203 நிட்ஸ் பக்கத்துலயோ அதுக்குக் கீழயோ இருக்கும். அதுக்கு மேல போறது தீப்பொறி, தண்ணில பட்ட வெயில், கார் லைட் மாதிரி துண்டு துண்டான இடங்கள். 1,000 நிட்ஸ்ல மாஸ்டர் பண்ணின படத்துக்கு 1,300 நிட்ஸ் டிவியே போதும், எதையும் நசுக்காம காட்டிடும்.

பின்னொளி எழுதியது:

வெளிச்சத்தைப் பத்தி மேல சொன்னதுல எனக்கு மாறுபாடு இல்லை. ஆனா ஆர்ஜிபி மினி எல்இடியை வெறும் விளம்பரம்னு ஒதுக்கவும் கூடாது. அது எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா எங்க பலம், எங்க பலவீனம்னு நீங்களே பிரிச்சுடலாம்.

வழக்கமான மினி எல்இடியில பின்னாடி இருக்கறது நீல விளக்குகள். முன்னாடி ஒரு குவாண்டம் டாட் (ஒளியோட நிறத்தை மாத்தற நுண்துகள்) படலம் அதுல ஒரு பகுதியைச் சிவப்பாவும் பச்சையாவும் மாத்துது. மூணும் சேர்ந்த வெள்ளை ஒளி எல்சிடிக்குப் போய், அங்க இருக்கற நிற வடிகட்டியில வேண்டாத நிறமெல்லாம் தடுக்கப்படுது. சிவப்புக் காட்சிக்கும் முழு வெள்ளை ஒளியை உருவாக்கி, அதுல பெரும்பகுதியை வீணாக்கறாங்க. ஆர்ஜிபி முறையில ஒவ்வொரு மண்டலத்துலயும் (பின்னொளியைப் பிரிச்ச சின்னச் சின்னப் பகுதி) சிவப்பு, பச்சை, நீலம்னு தனித்தனி விளக்கு. சிவப்பு வேணும்னா சிவப்பு மட்டும் எரியும். மின்சாரம் மிச்சம், நிறம் சுத்தம். இன்னொரு நல்லது, பொருளைச் சுத்தி ஒளி கசிஞ்சாலும் அது அந்தப் பொருளோட நிறத்துலயே கசியும். பழைய முறையில வர்ற நீலம் கலந்த வெள்ளை மூட்டம் மாதிரி கண்ணை உறுத்தாது.

சிக்கல் மண்டலத்தோட அளவுல இருக்கு. ஒரே மண்டலத்துக்குள்ள சிவப்புச் சேலையும் நீல வானமும் வந்தா ரெண்டு விளக்கும் எரியணும், பச்சை இலை சேர்ந்தா மூணும் எரியணும். அந்த இடத்துல அது பழைய வெள்ளை பின்னொளிதான், 97 சதவீதம் அங்க கிடைக்காது. போதாக்குறைக்கு பக்கத்து மண்டலத்துச் சிவப்பு ஒருத்தர் கன்னத்துல ஏறினா தோல் நிறம் மாறிடும். அதைத் தடுக்க ப்ராசஸர் நிறத்தை அடக்கணும். எவ்வளவு நல்லா அடக்குதுங்கறதை மூணு நிமிஷ டெமோவுல கண்டுபிடிக்க முடியாது, ஏன்னா டெமோவுக்குக் கருப்புப் பின்னணியில ஒரே நிறப் பூ, ஒரே நிறப் பறவைன்னு பொறுக்கி எடுத்த படம்தான் ஓடும். ஒரு விமர்சகர் சாதாரணப் படத்தைப் போட்டு, நெரிசலான கடைத்தெருக் காட்சியில தோல் நிறம் எப்படி நிக்குதுன்னு எழுதற வரைக்கும் இது தீராத கேள்விதான்.

சூடும் இருக்கு. சிவப்பு எல்இடி வேற குறைகடத்திக் கலவை. சூடு ஏற ஏற அதோட வெளிச்சம் நீலம், பச்சையை விட வேகமாக் குறையும். அதை அளந்து ஈடு கட்டலைன்னா ஒரு மணி நேரம் ஓடின பிறகு வெள்ளை பச்சை நீலப் பக்கம் நகரும்.

இப்போதைக்கு நீங்க பார்க்கற படங்கள் பெரும்பாலும் பிடி 2020-ஐ விடச் சின்னதான பி3 நிற எல்லைக்குள்ளதான் வண்ணம் சேர்க்கப்பட்டு பிடி 2020 உறையில வருது. பி3-ஐ முழுசாக் காட்டற 2024 மாடலுக்கும் 97 சதவீத டிவிக்கும் நடுவுல உங்க ஹால்ல தெரியற வித்தியாசம் சின்னது. அப்புறம் 116 இன்ச்னா அகலம் எட்டரை அடிக்குப் பக்கம், உயரம் நாலே முக்கால் அடி. திரை மட்டும்தான் இது, பெட்டி இன்னும் பெருசு, நிமிர்த்தியே தூக்கிட்டு வரணும். உங்க பட்ஜெட்ல 65 இன்ச்சுல ஆர்ஜிபி வர்றதுக்கு ஒரு வருஷம் போதாதுன்னு என் கணிப்பு.

மொன்றியல்வாசி எழுதியது:

எச்டிஎம்ஐ கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுறன்.

2.2 இன் உச்ச வேகம் செக்கனுக்கு 96 கிகாபிட், 2.1 இன் உச்சம் 48. உங்கட பிள்ளையின்ர பிஎஸ் 5 அனுப்புறது 32 தான். அதாலதான் 4கே 120 ஹெர்ட்ஸில எச்டிஆர் போட்டால் நிற விபரத்தைக் குறைச்சு 4:2:2 ஆக அனுப்புது. அதுக்கு 2.1 போர்ட்டே மேலதிகம். 2025 ஜனவரியில 2.2 ஐ அறிவிச்ச நேரம் அதின்ர முழு விவரக்குறிப்பே வெளியில வரேல்லை, அதுக்குரிய கேபிளும் வரேல்லை. படம் ஓடுற பெட்டி, கேம் பெட்டி எல்லாம் அந்த வேகத்துக்கு வர இன்னும் காலம் கிடக்கு. அதில உண்மையில பிரயோசனமான ஒண்டு எண்டால், படமும் சத்தமும் விலகிப் போகாமல் பார்க்கிற புது ஏற்பாடு. ரிசீவர் ஊடாக இணைக்கிற ஆக்களுக்குத்தான் அது கூடத் தேவை.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேற. பெட்டியில 2.1 எண்டு போட்டிருந்தால் போதாது. 2.0 ஐ 2.1 க்குள்ள சேர்த்துப்போட்டு, கூடின வசதிகளை எல்லாம் விருப்பத் தெரிவாக்கிப் போட்டினம். ஆகவே 4கே 120, விஆர்ஆர் (கேமின்ர வேகத்துக்கு ஏத்தமாதிரித் திரையின்ர வேகம் மாறுறது), ஏஎல்எல்எம் (கேம் தொடங்கினதும் டிவி தானாவே கேம் மோடுக்குப் போறது) மூண்டும் எந்த எந்த போர்ட்டில இருக்கு எண்டு கையேட்டில பாருங்கோ. எல்ஜி சி4 இல நாலு போர்ட்டும் முழு வேகம். சோனி பிராவியா 7 இல 3 உம் 4 உம் தான், அதிலயும் 3 தான் ஈஏஆர்சி, அதாவது சவுண்ட்பாருக்குச் சத்தம் அனுப்புற போர்ட். சவுண்ட்பார் கொழுவினால் கேமுக்கு ஒரு போர்ட் தான் மிஞ்சும். உங்களுக்கு ஒரே ஒரு பிஎஸ் 5 எண்டால் அதுவும் காணும்.

கொழுவின பிறகு டிவியில அந்த போர்ட்டைத் திறந்து விடவேணும். சோனியில எச்டிஎம்ஐ சிக்னல் ஃபார்மட்டை என்ஹான்ஸ்ட் ஆக்கவேணும், சாம்சங்கில இன்புட் சிக்னல் ப்ளஸ், எல்ஜியில எச்டிஎம்ஐ டீப் கலர். இதைச் செய்யாமல் விட்டால் 60 ஹெர்ட்ஸிலயே நிண்டுவிடும், பிறகு ஆக்கள் டிவியைக் குறை சொல்லுவினம். பிஎஸ் 5 இல செட்டிங்ஸ், ஸ்கிரீன் அண்ட் வீடியோ, வீடியோ அவுட்புட் இன்ஃபர்மேஷன் எண்டு போனால் 120 வருதா, விஆர்ஆர் வருதா எண்டு தெளிவாக் காட்டும். பிஎஸ் 5 பெட்டிக்குள்ள வாற கேபிளையே பாவியுங்கோ, அது 48 கிகாபிட் கேபிள்.

பழையகணக்கு எழுதியது:

"காட்சியில வைக்கிறது எதுவும் வீட்டுக்கு வராது" என்பது தவறு. 55 அங்குல ஓஎல்இடியை 2012 சிஇஎஸ்ஸில் எல்ஜியும் சாம்சங்கும் வைத்தன. அடுத்த ஆண்டே எல்ஜி விற்றது, இன்று எட்டாத விலையில் இல்லை. 2019-இல் டிசிஎல் காட்டிய மினி எல்இடி அதே ஆண்டு கடைக்கு வந்தது.

வராமல் போனவற்றையும் பார்க்க வேண்டும். 2010-இல் எல்லா நிறுவனமும் 3டியைத்தான் முன்னிறுத்தின. ஷட்டர் கண்ணாடி வெளிச்சத்தில் பாதிக்கு மேல் தின்றது, ஆளுக்கொரு கண்ணாடி வேண்டும், அதற்கு பேட்டரி வேண்டும். 2017 மாடல்களில் எல்ஜியும் சோனியும் அதைக் கைவிட்டன. சுருட்டும் ஓஎல்இடி 2019-இல் காட்சிக்கு வந்து, 2020 அக்டோபரில் கொரியாவில் 10 கோடி வொன்னுக்கு விற்பனைக்கு வந்து, பின் நிறுத்தப்பட்டது. 2024-இல் எல்லோரும் வியந்த எல்ஜியின் 77 அங்குல ஒளிபுகும் ஓஎல்இடி அந்த டிசம்பரில் 59,999 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. ஒளிபுகும் திரையால் கருப்பைக் காட்ட முடியாது. கருப்பு என்றால் பின்னால் இருக்கும் சுவர் தெரியும். அதனால் படம் பார்க்கும்போது பின்னால் ஒரு கருந்திரை மேலேறுகிறது, அந்த நேரத்தில் அது வழக்கமான ஓஎல்இடிதான்.

ஏற்கெனவே ஓடும் தொழிற்சாலை வரிசையில் செய்ய முடிகிற மாற்றம் விலை இறங்கி வரும். மோட்டார், சுருள், மரச்சாமான் சேர்ந்தது வராது. ஆர்ஜிபி பின்னொளி முதல் வகை. வரும், ஆனால் உங்கள் தேவைக்கு இப்போது அல்ல.

கோபைலட் பற்றிய எரிச்சல் கமெண்டுகளில் நியாயம் இருக்கிறது. ஆனால் எரிச்சல் போகவேண்டிய இடம் வேறு. டிவியில் ஓடுவதை அடையாளம் காணும் ஏசிஆர் என்ற வசதி பல ஆண்டுகளாகவே இருக்கிறது. எச்டிஎம்ஐ வழியாக வரும் படத்தையும் அது கவனிக்கிறது என்று 2024-இல் லண்டன், மாட்ரிட், கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எல்ஜி, சாம்சங் டிவிகளில் சோதித்துக் காட்டினார்கள். எந்த டிவி வாங்கினாலும் முதல் நாளே அணையுங்கள். எல்ஜியில் ஜெனரல், சிஸ்டம், அடிஷனல் செட்டிங்ஸ் போய் லைவ் ப்ளஸ்ஸை அணைக்க வேண்டும். சாம்சங்கில் வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ் என்ற ஒப்புதலை நீக்க வேண்டும். முதன்முறை டிவியை அமைக்கும்போது வரும் ஒப்புதல் பட்டியலில் "அனைத்துக்கும் சம்மதம்" அழுத்தாமல், கட்டாயமானதை மட்டும் தேர்ந்தெடுத்தாலே பாதி வேலை முடியும்.

மாலைவெயில் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. காத்திருக்கறதில்லைன்னு முடிவாச்சு. இப்ப சி4 ஓஎல்இடியா, ஹைசென்ஸ் யு8என் மாதிரி மினி எல்இடியா? வெயிலுக்கு மினி எல்இடி, பக்கவாட்டு நாற்காலிக்கு ஓஎல்இடின்னு ரெண்டும் ரெண்டு திசையில இழுக்குது. வாங்கினதும் எதைச் சோதிச்சுப் பார்க்கணும்னும் சொல்லுங்க.

பின்னொளி எழுதியது:

முதல்ல வெயில் எப்படி விழுதுன்னு பாருங்க. சாயங்காலம் நாலு மணிக்கு, டிவி வரப்போற இடத்துல அணைச்சு வச்ச டேப்லெட்டைத் திரை உயரத்துல ஒருத்தர் பிடிச்சுக்கட்டும். நீங்க சோபாவுல இருந்தும் நாற்காலில இருந்தும் பாருங்க. டேப்லெட்டுல ஜன்னல் நேராத் தெரிஞ்சா எந்த டிவியும் அதை ஜெயிக்காது. திரைச்சீலை போடணும், இல்ல சுவரை மாத்தணும். ஜன்னல் தெரியலை, அறை மட்டும்தான் வெளிச்சமா இருக்குன்னா சி4 தாங்கும். அதுல முன்னாடி போலரைசர் (வெளி வெளிச்சம் திரும்பி வராம தடுக்கற படலம்) இருக்கறதால பகல்லயும் கருப்பு கருப்பாவே நிக்கும். சாம்சங் எஸ்90டி 65 இன்ச் க்யூடி-ஓஎல்இடி (குவாண்டம் டாட் சேர்த்த ஓஎல்இடி). அதுல போலரைசர் கிடையாது, வெளிச்சமான அறையில கருப்பு சாம்பலாத் தெரியும். உங்க ஹாலுக்கு அது வேண்டாம்.

விஏ பேனல் (எல்சிடியில ஒரு வகை) போட்ட மினி எல்இடியை 30 டிகிரி தாண்டிப் பார்த்தா நிறம் வெளுக்கும். பெரியவங்க தினமும் அந்த நாற்காலில உட்கார்றதா இருந்தா அது பெரிய குறை. வருஷத்துல சில மாசம்தான்னா, நாற்காலியை நகர்த்திக்கலாம். இன்னொரு கேள்வி, ஒரே சேனல் தினமும் அஞ்சாறு மணி நேரம் ஓடுமா? ஸ்கோர் பட்டையும் சேனல் லோகோவும் ஒரே இடத்துல நின்னா ஓஎல்இடில தடம் பதியற வாய்ப்பு இருக்கு. சனி ஞாயிறு மட்டும்னா கவலை இல்லை. நீங்க எழுதினதை வச்சு, ஜன்னலுக்கு ஒரு நல்ல திரைச்சீலையும் சி4-உம்தான் என் தேர்வு. அந்தச் சுவர்லயே, சீலை இல்லாமதான் பார்ப்பீங்கன்னா யு8என்.

பிப்ரவரியில நடக்கற சூப்பர் பவுலுக்கு (அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டம்) முன்னாடி போன வருஷ மாடல்களோட விலை இறங்கும். மார்ச்சுல இருந்து புது மாடல் முழு விலைக்கு வரும், பழையது மெல்ல மெல்லத் தீரும். பெஸ்ட் பை கடையில திருப்பிக் கொடுக்க 15 நாள்தான், காஸ்ட்கோ கடையில 90 நாள். பேனல் ஒண்ணுக்கொண்ணு மாறுபடறதால இந்த நாள் கணக்கு 50 டாலர் தள்ளுபடியை விடப் பெருசு.

சோதனைக்குக் கம்ப்யூட்டர்ல 3840 × 2160 அளவுல ஒரே நிறப் படங்கள் செஞ்சு பென்டிரைவ்ல போட்டுக்கோங்க. ஆர்ஜிபி மதிப்பு மூணும் 128 வச்சு ஒரு சாம்பல், மூணும் 13 வச்சு ஒரு கருஞ்சாம்பல், அப்புறம் சுத்தச் சிவப்பு, பச்சை, நீலம். பிக்சர் மோடை ஃபிலிம்மேக்கருக்கு மாத்திட்டுப் பாருங்க. மினி எல்இடில 128 சாம்பல்தான் முக்கியம். அழுக்குத் துணியால துடைச்ச மாதிரி திட்டுத்திட்டாத் தெரிஞ்சா, கேமரா பந்தோட பவுண்டரிக்கு ஓடறப்ப பச்சைப் புல்லுல அதே திட்டு நகராம நிக்கும். லேசா இருந்தா எல்லா எல்சிடிலயும் சகஜம், நடுத்திரையில பட்டையா இருந்தா திருப்பிக் கொடுங்க. விளக்கை அணைச்சுட்டு கருப்புப் படத்துல வெள்ளை சப்டைட்டில் போட்டு ஒளிவட்டத்தைப் பாருங்க, நாற்காலில இருந்தும் பாருங்க. கேம் மோடுல லோக்கல் டிம்மிங் (மண்டலம் மண்டலமா விளக்கை மங்க வைக்கறது) வேற விதமா நடந்துக்கும், அதையும் தனியாப் பார்க்கணும்.

ஓஎல்இடின்னா 13 சாம்பல்தான் சோதனை. செங்குத்தான கோடுகள் தெரியும். புதுப் பெட்டியைப் பிரிச்ச அன்னைக்கே அதை வச்சு முடிவெடுக்காதீங்க. மொத்தம் நாலு மணி நேரம் ஓடின பிறகு ரிமோட்ல அணைச்சா, ஸ்டாண்ட்பையில டிவி தானே பிக்சல்களைச் சரிபண்ணிக்கும். சில நிமிஷம் ஆகும், அதுக்கு மின்சாரம் வேணும். ஒரு வாரம் அப்படி ஓடவிட்டு மறுபடி பாருங்க, கோடுகள்ல பெரும்பாலானது மங்கியிருக்கும். அதனால ராத்திரி படம் முடிஞ்சதும் பவர் ஸ்ட்ரிப்பை அணைக்கிற பழக்கம் வீட்டுல இருந்தா டிவிக்கு மட்டும் தனி ப்ளக் கொடுத்துடுங்க.